ஒரு விரல் இடைவெளி

"அது ஆவியா, இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று போன வாரம் படித்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். எனக்கே தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்புறம் உங்கள் பாடு.

விட்டுப்போனவர்களுக்காக ஒரு நிமிடம். அப்பா, லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியவள், பல் கட்டும் கூடத்தில் பொய்ப்பல்லும் பல் கம்பியும் செய்கிறவள். சின்னவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவள். "ஒருத்தி பல்லுக்கு, ஒருத்தி கண்ணுக்கு. வயசாகறதுக்கு எனக்கென்ன பயம்" என்று அப்பா முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா போன ஆறு வருடத்தில் அந்த வேடிக்கையும் போய்விட்டது.

சின்னவளுக்கு வேறு ஊரில், பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். போன மாதம் வரை அவள் பெட்டி கட்டாத குறைதான். அப்புறம்தான் கொல்லைப்புறத்துச் செம்பருத்தியில் இலை பழுத்து உதிர ஆரம்பித்தது.

அது சாதாரணச் செம்பருத்தி இல்லை, அம்மாவின் செம்பருத்தி. எல்லார் வீட்டிலும் அது புதராகத்தான் மண்டிக் கிடக்கும். அம்மாவுக்கு அது மரமாக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அடியிலிருந்து கிளம்பிய தண்டுகளில் நேராக இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டினாள். அப்பா வேலையிலிருந்து கொண்டுவந்த இரும்புக் குழாயைப் பக்கத்தில் நட்டாள். தன் பழைய நைட்டியின் விளிம்பைக் கிழித்து, அந்த நீலத் துணியால் தண்டையும் குழாயையும் சேர்த்துக் கட்டினாள்.

தண்டில் பக்கத்துளிர் எது தலைகாட்டினாலும் கட்டை விரலால் தேய்த்துவிடுவாள். நுனி தன் தலை உயரத்துக்கு வந்ததும் கிள்ளிவிட்டாள். அங்கிருந்து நாலா பக்கமும் கிளை பிரிந்து, உருண்டையாக ஒரு தலை உண்டாகி, சிவப்பாகப் பூத்தது. "புதரை மரமாக்கறாளாம்" என்று சிரித்த பக்கத்து வீட்டுக்காரர்களே பின்னால் வந்து எப்படி என்று கேட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அம்மா அந்த முடிச்சை அவிழ்த்து, துணியைத் தண்ணீரில் நனைத்து, சற்றுத் தளர்த்தி மறுபடி கட்டுவாள். கட்டி முடித்ததும் துணிக்கும் தண்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பாள். "ஒரு விரல் போகணும். போகலைன்னா அது கட்டு இல்லை, தூக்கு" என்பாள்.

அவள் போன பிறகு அந்த முடிச்சை யாரும் தொடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் கை கடைசியாகக் கட்டியது. யாரும் தொடவும் இல்லை.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்தி விடுகிறேன். மரம் இப்படி உதிர்வது இது இரண்டாவது தடவை. அம்மா இறந்து வருடம் திரும்புவதற்குள் பெரியவளை அச்சகத்துக்காரர் ஒருவர் பெண் கேட்டார். நல்ல மனிதர், விரல் நகத்தில் எப்போதும் மை இருக்கும். பேச்சு முற்றி வரும்போது மரம் பழுத்து உதிர்ந்தது. "உங்கம்மாவுக்கு இஷ்டமில்லை போலிருக்கு" என்றார் அப்பா. பெரியவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த மழைக்கு மரம் துளிர்த்துப் பூத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சொல்லலாம். அந்த வீட்டில் இருந்து பார்த்தால் சொல்ல மாட்டீர்கள்.

இன்றைய கதைக்கு வருவோம்.

காலையில் சின்னவள் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சமையலறை ஜன்னலில் நிமிர்ந்தாள். கொல்லையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மரம்தான். தினமும் பார்க்கிற மரம்தான். ஆனால் அம்மா உயரத்துக்கு அம்மாவே கிள்ளிவிட்ட தலை, ஒற்றைத் தண்டு, இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் நைட்டியின் நீலம். எத்தனை தடவை பார்த்தாலும் முதல் பார்வைக்கு அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் ஓடும். இலைகள் உதிர்ந்ததிலிருந்து இன்னும் மோசம். தலைமுடி கொட்டிப்போன கடைசி மாத அம்மா மாதிரி இருந்தது.

அப்பா மரத்தடியில் குந்தியிருந்தார். துடைப்பம் படக் கூடாதென்று மஞ்சள் இலைகளைக் கையால் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். வாய் ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டப்பா பேசறீங்க?"

"யார்கிட்டயும் இல்லை." அவர் திரும்பவில்லை. "நீ போறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. நான் சொன்னேனா? அவதான் சொல்றா."

"அம்மா அப்படிச் சொல்ற ஆள் இல்லைப்பா."

"உயிரோட இருந்தப்ப சொல்ல மாட்டா. இப்ப அவளுக்கு வேற யாரு இருக்காங்க?"

சின்னவள் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

பெரியவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "முடிவு பண்ணிட்டியா சின்னு?" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"பயமா இருக்குக்கா. நீ அன்னிக்கு எப்படி வேண்டாம்னு சொன்னே?"

"சொல்றதுக்கென்ன. வாயைத் திறந்தா வருது." பெரியவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம்தான் கஷ்டம்."

*

கடையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். முதலாளி கல்லாவில், சின்னவள் பட்டறை மேஜையில். ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார் வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் கையால் கண்ணாடி வாங்கிப் போனவர்தான்.

"காதுக்குப் பின்னாடி எரியுதும்மா."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். கம்பி அழுந்திய இடம் பள்ளமாகச் சிவந்திருந்தது. அதற்கு மேலே சதை தடித்து வீங்கியிருந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்கு சார். வாங்கின மறுநாளே வந்திருக்கலாமே."

"நீ உன் கையால பார்த்துப் பார்த்து வளைச்சுக் குடுத்தே. அதுல நாம எதுக்குக் கை வைக்கணும்னு விட்டுட்டேன்." வாத்தியார் வெட்கத்தோடு சிரித்தார். "மரியாதைதான்."

சின்னவள் கம்பியைச் சூடு காட்டி இளக்கினாள். கை வேலை செய்தது, மனசு அங்கே இல்லை. பள்ளம், மேலே வீக்கம். இதை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். இன்று காலைகூடப் பார்த்தாள். நீலத் துணிக்கு மேலே தண்டு புடைத்திருக்கிறது. துணிக்குக் கீழே மெலிந்திருக்கிறது. அடியில் புதுசு புதுசாகத் துளிர் கிளம்புகிறது, மேலே இலை பழுக்கிறது.

தண்டு பருத்துவிட்டது, துணி பருக்கவில்லை. அம்மாவின் முடிச்சு என்று தொடாமல் விட்டு, நாம்தானே மரத்தை நெரித்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே ஒரு நிம்மதி. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, அம்மாவுக்குக் கோபமில்லை என்று தோன்றியது.

வாத்தியாருக்குக் கண்ணாடியை மாட்டி, காதோரம் சரி பார்த்து அனுப்பினாள். மத்தியானம் தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, சின்னக் குறட்டையும் வெட்டுக்குறட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

அவள் முட்டி போட்டு மரத்தடியில் உட்கார்ந்தபோது வெயில் சரிந்திருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. மண் வெடித்துக் கிடந்தது.

"என்ன பண்றே?"

அப்பா பின்கதவில் நின்றார். கையில் செய்தித்தாள்.

"துணி இறுகிப்போச்சுப்பா. அதான் மரம் சாகுது. தளர்த்தப் போறேன்."

"அதைத் தொடாதே."

"அம்மாவே வருஷா வருஷம் தளர்த்துவா. ஞாபகமில்லையா?"

"தொடாதேன்னு சொல்றேன்ல." அவர் குரல் உயரவில்லை. நடுங்கியது. அது கோபம் இல்லை, பயம் என்று அவளுக்குப் பட்டது. ஆவிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தாள். மனுஷன் பயந்தது வேறொன்றுக்கு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் ஆள்காட்டி விரலைத் துணியின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். இறுகி இருக்கும், நகம்கூடப் போகாது என்றுதான் நினைத்தாள்.

விரல் சுலபமாக உள்ளே போயிற்று.

அம்மா விட்டுப் பார்ப்பது போலவே, ஒரு விரல் கணக்காக. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே விரல் நுனியில் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. துணியை மெல்ல மேலே ஒதுக்கினாள்.

தண்டைச் சுற்றி ஒரு கம்பி. மெல்லிசாக, பளபளப்பாக, பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. நுனி இரண்டையும் முறுக்கி, குத்தாமல் இருக்க நேர்த்தியாக உள்பக்கம் மடித்து விட்டிருந்தது. அப்படி மடிக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்க முடியாது. வாயின் ஈறு கிழியக் கூடாதென்று கம்பியை மடித்துப் பழகிய கை.

சின்னவள் தலை நிமிர்ந்தாள். அப்பாவுக்குப் பின்னால், தோளில் பையோடு, பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டியே" என்றாள் பெரியவள்.

"அக்கா, இது பல் கம்பிதானே?"

"ஆமா."

"நீயா?"

"நான்தான். நீ நேர்காணலுக்குப் போயிட்டு வந்தியே, அந்த வாரம்." அவள் பையைப் படியில் இறக்கி வைத்தாள். "முழுசாப் பாரு. அதுக்குக் கீழே இன்னொண்ணு இருக்கு."

இருந்தது. புதுக் கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே, பட்டை பிளந்து மூடி ஆறிப்போன பழைய தழும்பு. தழும்புக்குள் பாதி புதைந்து, துருப்பிடித்து, முறுக்குத் தளர்ந்து கிடந்தது ஒரு கம்பி இழை. பல இழைகள் பின்னிய கயிற்றிலிருந்து பிரித்தெடுத்தது. லிஃப்டைத் தூக்குகிற கயிறு.

அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கயிற்றுத் துண்டுகளை வைத்து விளையாடித்தான் வளர்ந்தார்கள். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மழை முடிஞ்சு துளிர் தேய்க்கப் போனேன்" என்றாள் பெரியவள். "துணிக்கு அடியிலேருந்து துரு வழிஞ்சு தண்டுல கோடு விழுந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். தட்டுப்பட்டது."

"அப்பா?" என்றாள் சின்னவள்.

"காத்துல ஆடுச்சு. விழுந்துடுமோன்னு..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லத் தெம்பு வேண்டும், அது அவரிடம் இல்லை. பெரியவளைப் பார்த்தார். "அவ போயி வருஷம்கூட ஆகலை. நீயும் போறேன்னே. நீ இல்லைன்னா இந்த வீட்டை யாரு பார்ப்பா, நான் யார்கிட்டப் பேசுவேன்? நானா வேண்டாம்னு சொன்னா நீ கேக்க மாட்டே. உங்கம்மா சொன்னா கேப்பே."

"கேட்டேனே" என்றாள் பெரியவள்.

"அந்தாளு அப்புறம் வேற இடத்துல கட்டிக்கிட்டார்னு கேள்விப்பட்டதும் கம்பியைத் தளர்த்திட்டேன். மரத்தைக் கொல்லணும்னு இல்லைம்மா" என்றார் அப்பா.

"ரெண்டு பிள்ளைங்க அவருக்கு. மூத்தது பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருக்கு. நான் வேலைக்குப் போற வழிதான். காலையில அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். அவர் நகத்துல இன்னமும் மை இருக்கு."

பெரியவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா மேல் பரிதாபமா, ஆத்திரமா என்று சின்னவளால் பிரிக்க முடியவில்லை.

"இதெல்லாம் தெரிஞ்சும் எனக்கு அதையே செஞ்சியா?"

"தெரிஞ்சதாலதான் செஞ்சேன். வேலை செய்யுதுன்னு தெரியுமே." பெரியவள் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அந்தத் துருக் கம்பியைத் தொட்டதுலேருந்து என்னால அப்பா எதிர்ல உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியலை. நீ நடுவுல உட்கார்ந்திருக்கே, அதனால முடியுது. நீ போயிட்டா நானும் அவரும் மட்டும். இந்த வீட்டுல. அந்த மரத்தைப் பார்த்துக்கிட்டு. என்னைக் கொன்னுடும் சின்னு."

அப்பா செய்தித்தாளை மடித்தார். மறுபடி மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனதும் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சின்னவள் வெட்டுக்குறட்டை எடுத்துப் புதுக் கம்பியை நறுக்கினாள். அது படக்கென்று விரிந்து மண்ணில் விழுந்தது. பழையதையும் இரண்டாக வெட்டி, பட்டை பிய்யாமல் வெளியே வருகிற வரை இழுத்தாள். மீதியை மரமே தின்றுவிட்டிருந்தது.

"பிழைக்குமா?" என்றார் அப்பா.

சின்னவள் அடியில் கிளம்பியிருந்த துளிர்களை வெட்டப் போனாள். "எல்லாத்தையும் வெட்டாதே" என்றாள் பெரியவள். "நேரா இருக்கறது ஒண்ணை விட்டு வை. இது போனாலும் அது வரும்." சொன்ன குரலில் அம்மா இருந்தாள். இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள், இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

செல்போன் கைப்பையில் இருந்தது. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை எடுக்கவில்லை. காலையில் அவளைப் பிடித்து வைத்திருந்தது செத்துப்போன அம்மா. இப்போது பிடித்து வைத்திருப்பது உயிரோடு இருக்கிற அக்கா. முன்னதைக் குறட்டால் வெட்ட முடிந்தது.

"நான் போகலைக்கா" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியும் இருப்பாள். அப்போதுதான் அந்தச் சின்ன விஷயம் உறைத்தது.

"கம்பியை உள்ளே விட முடிச்சை அவிழ்த்தியா?"

"அம்மா முடிச்சையா? எனக்கு அவ்வளவு தைரியமில்லை. விரல் போச்சு, அந்தச் சந்துல விட்டேன்."

"நீங்க?"

அப்பா இல்லையென்று தலையாட்டினார். "அன்னிக்கு இடம் இருந்தது. அவ கட்டினது அப்படித்தானே. நான் அவிழ்க்கலை."

"அது சரி. அம்மா கடைசியாக் கட்டினப்ப இந்தத் தண்டு என் கட்டை விரல் கனம்." சின்னவள் மரத்தைப் பிடித்துப் பார்த்தாள். அவள் மணிக்கட்டைவிடப் பருமனாக இருந்தது. "துணி எப்பவோ இறுகியிருக்கணும். இப்பவும் எப்படி ஒரு விரல் போகுது?"

மூன்று பேரும் துணியைப் பார்த்தார்கள்.

வெயில் பட்டு நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. ஆனால் முடிச்சிலிருந்து தள்ளித் துணியில் பட்டை பட்டையாகச் சில இடங்கள் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருந்தன. முடிச்சுக்குள் மடிந்து, வெயில் படாமல் இருந்த இடங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, துணியின் முனையை நோக்கி நகர்ந்துகொண்டே வந்திருந்தன. ஒவ்வொரு மழைக்கும் யாரோ அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

"நான் இல்லை" என்றார் அப்பா. இந்தத் தடவை அவர் குரலில் தெம்பு இருந்தது. அது உண்மை என்பதால் இருக்கலாம்.

"பக்கத்து வீட்டுல யாராவது..." என்று ஆரம்பித்த பெரியவள், மதில் உயரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு விரல் போகணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சின்னவள் எழுந்து கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். மருத்துவமனை எண்ணை அழுத்திவிட்டு, அக்காவைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். "வணக்கம் மேடம். நான்தான், கண்ணாடிப் பிரிவுக்கு. வர்றேன். ஆமா, கண்டிப்பா." ஒரு கணம் தயங்கினாள். "மேடம், அங்கே ரெண்டு பேர் தங்கற மாதிரி வீடு கிடைக்குமா?"

அப்பா மடித்த செய்தித்தாளைப் பிரித்து மடியில் விரித்துக்கொண்டார்.

பெரியவள் மரத்தடியில் வந்து குந்தினாள். தங்கை கேட்டது காதில் விழுந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு முன் திருட்டுத்தனமாக விட்ட அதே இடத்தில், இப்போது எல்லார் கண்ணெதிரிலும் ஆள்காட்டி விரலை விட்டாள். விரல் போயிற்று, இடிக்காமல், உரசாமல்.

அப்புறம் ஆறு வருடமாக யாரும் தொடாத அந்த முடிச்சைத் தொட்டாள். தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

மூன்று வாரமாக மழை இல்லை. முடிச்சு ஈரமாக இருந்தது.